நின்று நின்று ஓடிய கம்ப்யூட்டர்

"இந்தம்மாவை யாருய்யா வேலைக்கு வச்சது?"

பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார் அப்பா.

சாட்சிக் கூண்டில் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையை முறைத்துக்கொண்டிருந்தார் கோர்ட் டைப்பிஸ்ட் அம்மா.

"மன்னிக்கணும் ஐயா. மறுபடியும் நின்னுபோச்சு."

காலையிலிருந்து இது நாலாவது தடவை.

அப்பாவுக்குத் தாமதம் என்றாலே ஆகாது. பார்சல் ஆபீஸில் சூப்பர்வைசர். எந்த மூட்டையாக இருந்தாலும் ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'.

அப்படிப்பட்ட எக்ஸ்பிரஸை மூன்று வருஷமாகச் சிக்னலில் நிறுத்தி வைத்திருந்தது இந்த வழக்கு. மகளைப் பலாத்காரம் செய்த அவள் ஆபீஸ் மேனேஜர், ஜாமீனில் வெளியே வந்து வேறு கம்பெனியில் சேர்ந்தும் விட்டான். வேலை போனதும் தூக்கம் போனதும் மகளுக்குத்தான்.

இன்று குறுக்கு விசாரணை. வெளியாட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவன் ஒரு திரைக்கு அந்தப் பக்கம். "எங்கப்பா மட்டும் கூட இருக்கட்டும்" என்று மகள் கேட்டுக்கொண்டதால், அப்பாவுக்கு ஓரமாய் ஒரு நாற்காலி.

கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. அவனுடைய வக்கீல் எழுந்தார்.

"சம்பவம் நடந்ததா சொல்றது திங்கட்கிழமை. புகார் கொடுத்தது புதன்கிழமை. ஏம்மா ரெண்டு நாள்?"

"பயமா..." மகளின் கை கூண்டின் கம்பியைத் தேடியது.

"பயமா? இல்ல, கதை ஜோடிக்க ரெண்டு நாள் ஆச்சா?"

மகளின் உதடு துடித்தது.

"ஐயா, பிரின்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு!" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

நீதிபதி பேனாவை 'டொக்'கென்று மேஜை மேல் வைத்தார். "என்னம்மா இது ரோதனை? சரி, எடுங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு உக்காந்து தண்ணி குடிக்கட்டும்."

ஒரு பேப்பரை உருவப் பத்து நிமிஷம்! அப்பாவுக்குக் கை பரபரத்தது. 'தள்ளும்மா' என்று தானே போய் உருவிவிடலாம் போல இருந்தது.

மகள் தண்ணீர் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"அவர் என்னோட மேனேஜர் சார். சொன்னா வேலை போயிடும்னு பயம். ரெண்டு நாள் யோசிச்சேன். போனா போகட்டும்னு மூணாவது நாள் வந்து சொன்னேன். இதுல ஜோடிக்க என்ன இருக்கு?"

வக்கீல் விடுவாரா? அடுத்து ஒரு கேள்வி கேட்டார். மகளுக்கு ஆண் நண்பர்கள் எத்தனை பேர், அவர்களோடு பழக்கம் எதுவரைக்கும் என்று. பெற்றவன் காதில் விழக்கூடாத கேள்வி. அப்பாவின் கை நாற்காலிப் பிடியை நெரித்தது.

"சார், சரியா காதுல விழல" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "ஒவ்வொரு வார்த்தையா, நல்லா சத்தமா சொல்லுங்க. நீங்க கேட்டது அப்படியே பதிவாகணும்ல?"

வக்கீல் வாயைத் திறந்தார். நீதிபதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... வேணாம், விடுங்க. வேற கேள்விக்குப் போறேன்."

'காதும் போச்சா! சுத்தம்' என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்படியே நின்று நின்று ஓடி, சாயங்காலம் ஐந்து மணி ஆனது. "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்துவிட்டார் நீதிபதி.

வராந்தாவுக்கு வந்ததும் மகள் சொன்னாள், "அப்பா, பசிக்குதுப்பா."

அப்பா ஒரு கணம் நின்றுவிட்டார். இந்தப் பெண் வாயைத் திறந்து பசிக்கிறது என்று சொல்லி எத்தனை மாதமாயிற்று! அவள் தலையை வருடிக்கொடுத்தார்.

"இதோ வந்துட்டேன் பாப்பா. அந்த டைப்பிஸ்ட் மேல ஒரு புகார் கொடுத்துட்டு வந்துடறேன். ஒரே நாள்ல முடிய வேண்டியதை இழுத்தடிச்சு, நாளைக்கும் உன்னைக் கூண்டுல ஏத்துறாங்க."

"வேணாம்ப்பா, பாவம். வயசானவங்க."

"வயசானா வீட்ல இருக்கட்டும்."

யார் சொல்லிக் கேட்டார் எக்ஸ்பிரஸ்? விறுவிறுவென்று நீதிபதியின் அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு அப்படியே நின்றார்.

"பதினெட்டுப் பக்கம். ஒரு வார்த்தை விட்டுப்போகல, ஒரு எழுத்துப் பிழை இல்ல. இந்தக் கட்டடத்துலயே உங்க வேகத்துக்கு ஆள் கிடையாதும்மா" என்றார் நீதிபதி. "கம்ப்யூட்டருக்கு என்னதான் ஆச்சு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலீங்க ஐயா" என்றார் டைப்பிஸ்ட் அம்மா தயங்கித் தயங்கி. "அந்தப் பொண்ணுக்குத்தான் அப்பப்போ மூச்சு முட்டுச்சு."

வெளியே அப்பாவின் தூக்கிய கை மெல்ல இறங்கியது.

பிறகு நீதிபதி சொன்னார்:

"தெரியும்மா. அதான், நாளைக்கு வரேன்னு சொன்ன கம்ப்யூட்டர் மெக்கானிக்கை, இந்தப் பொண்ணு சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்!"