பெயர் கிடைத்த கிட்டார்

ஒரு ரிப்பேர் கடையில் பழைய சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருந்தது. ஜப்பானில் செய்தது என்பது மட்டும் தெரியும். கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. கடைக்காரர் தினமும் அதை எடுத்து வாசிப்பார்.

"நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியலையே" என்று அது பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரிடம் புலம்பும்.

"தினமும் பாடுறியே, போதாதா?"

"போதாது."

ஒருநாள் தேவசகாயம் என்பவர் வந்தார். கிட்டாரின் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். "பத்து வருஷமா இதைத்தான் தேடுறேன்!" என்று கூவி, அதன் பெயரையும் சொன்னார். கிட்டாருக்குத் தந்திகளெல்லாம் சிலிர்த்தன. அவர் அதை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் வீட்டு மேஜையில் அதே பெயர் பொறித்த நீல கிட்டார் ஒன்று கிடந்தது. தந்தியின் அதிர்வைச் சத்தமாக்கும் பிக்கப் என்ற பாகம் அதற்கு இல்லை.

"அக்கா!" என்றது சிவப்பு கிட்டார்.

நீல கிட்டார் சந்தோஷப்படவில்லை. "உன்னை எதுக்குத் தேடினார்னு தெரியுமா, தங்கச்சி?"

தேவசகாயம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அன்று மாலை நீல கிட்டார் பாடியது. அழ நினைத்தபோதும் அதற்குத் தங்கையின் குரல்தான் வந்தது.