நாலாவது கல்

“மூணு கல்லோட நிறுத்திக்கோங்க மேடம். நாலாவது வேண்டாம்.”

நடைபாதையில் மண்டியிட்டிருந்த கொத்தனார் அன்னெகிரெட்டை நிமிர்ந்து பார்த்தார். லைப்சிக்கில், நாஜிகள் இழுத்துப்போன யூதர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்களில், பன்னிரண்டு வருடமாக நினைவுக்கல் பதிக்கிறவள் அவள். கடைசி நேரத்தில் முட்டுக்கட்டை போட யாராவது ஒருத்தர் வராமல் இருக்கமாட்டார். இன்றைக்கு இந்த வீட்டின் சொந்தக்காரர் ஃபோல்க்மார் தீலே.

“நாலு பேர் இங்க குடியிருந்தாங்க சார். நாலு கல்.”

மூன்று பித்தளைத் தகடுகளில் லெவ்கோவிட்ஸ் தம்பதியும் மூத்த மகள் ரூத்தும். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர்கள். நாலாவதில் கைக்குழந்தை பேலா. பிறந்த தேதி, அதன் கீழே ‘ஒளித்து வைக்கப்பட்டாள், பிழைத்தாள்.’

“பொழச்சவளுக்கு எதுக்குக் கல்லு?”

“அப்பா அம்மா பக்கத்துல அவளும் இருக்க வேணாமா? நாங்க குடும்பத்தப் பிரிக்கறதில்ல. இந்தக் கல்லுங்களக் கேட்டு எழுதினவங்க இப்ப வருவாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க.”

“யாரு அது?”

“சொந்தம்னு மட்டும்தான் எழுதியிருந்தாங்க. ஏன் சார், வாரிசு வந்து வீட்டக் கேட்டுடுவாங்கன்னு பயமா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த பேலா எங்கம்மா. கீழ்வீட்டு எல்ஃப்ரீட பாட்டிதான் அவங்களத் தூக்கிட்டு வந்து, தான் பெத்ததா சொல்லி வளர்த்தாங்க. சாகறப்ப என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எண்பது வயசாகப் போகுது, இதயம் சரியில்ல. தினம் ரொட்டி வாங்க இந்த வழியாத்தான் போவாங்க. தன் பொறந்த தேதியப் பாத்தா புரிஞ்சுடும். எனக்கு அம்மா வேணும் மேடம்.”

அன்னெகிரெட்டுக்கு வெட்கமாகப் போயிற்று. நாலாவது கல்லைத் துணியில் சுற்றச் சொன்னாள்.

அப்போது வாசல் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் கையில் மூன்று வெள்ளை ரோஜாவுமாக தீலேயின் அம்மா படியிறங்கினாள். மகன் ஓடிப்போய் வழியை மறைத்தான். அவனை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கொத்தனாரிடம் போனாள்.

“கடிதம் எழுதினது நான்தான்ப்பா. அந்தத் துணியப் பிரிச்சு, என் கல்ல அக்கா பக்கத்துல வைங்க.”

பிறகு ஃபோல்க்மார் பக்கம் திரும்பினாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்ஃப்ரீடம்மா என்கிட்டயும் சொல்லிட்டுத்தான்டா போனாங்க. நீ தாங்கமாட்டே, உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு.”