காளானும் சமைத்தவளும்

சோலைக்காட்டில் பறித்த காளான்களை, உணவில் விஷம் சோதிக்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. குழம்பு வைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் என் கணவர் தன் கண்ணாடியை மாட்டினார். அது புதியது; உணவோடு சமைத்தவரையும் சோதிக்கும்.

“காளான் நல்லதுதானாம். ஆனா சமைச்சவங்க பதட்டமா இருக்காங்கன்னு காட்டுதே, ரெஜினா?”

“இப்படிப் பாத்தா யாருக்குத்தான் பதறாது? பொண்ணு பாக்க வந்தப்பவே இதைப் போட்டிருந்தா ஓடியிருப்பீங்க.”

அவர் சிரிக்கவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார். “நீ முதல்ல சாப்பிடு.”

பறிக்கும்போது அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். கண்ணாடிக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத்தான் தெரியவில்லையோ?

சாப்பிட்டேன். மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.