புள்ளிக் குஞ்சு

மணல்தீவின் ஆலாப் பறவைகள் அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே சாயல். உலகத்தில் மிஞ்சிய கடைசி ஜோடியின் செல்லிலிருந்து ஆய்வகத்தில் பொரித்துவிட்ட வம்சம் அது. எந்தக் குஞ்சுக்கும் ஓர் இறகுகூட நிறம் மாறியதில்லை. அதனால்தான், அன்று காலை சாம்பல் நிறக் குஞ்சுகளுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகளோடு ஒன்று ஓடியதும், தீவுக் காவல்காரி மரியபாக்கியம், "எந்த எண்ணெயில போய் விழுந்த நீ?" என்று திட்டிக்கொண்டே பிடித்துக் கழுவினாள். போகவில்லை. முந்தானையால் தேய்த்தாள். குஞ்சு அவள் விரலைக் கொத்தியதே தவிர, புள்ளி அழியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கரையில் இருந்த கணவர் சவரிராயனை போனில் கூப்பிட்டாள். "ஏங்க, நம்ம ஆலா ஒண்ணு புள்ளி வச்ச பிள்ளை பெத்திருக்கு. அப்பன் இந்தத் தீவுக்காரன் இல்ல!"

"வேற எங்கேருந்து வருவான்? உலகத்துலயே வேற ஆலா இல்லையே!"

"இருக்குன்னு சொல்லத்தான் இது வந்திருக்கு. வரும்போது மிட்டாய் வாங்கிட்டு வாங்க."

சவரிராயன் உடனே கேட்டார்:

"ஊருக்கே கொடுக்கணுமே, எத்தனை கிலோ வாங்கட்டும்?"