அம்மாவுக்கு மட்டும் ஊசி இல்லை

"அம்மாவுக்கு இல்லையா?"

லாவண்யா போட்ட சத்தத்தில், ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸே ஒரு கணம் கையை நிறுத்திவிட்டாள்.

கரையான்சாவடியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் ஹால். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வருஷா வருஷம் அங்கே ஃப்ளூ ஊசி முகாம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவைப் பார்க்கத் திருநின்றவூரிலிருந்து வந்துவிடும் லாவண்யா, மாடிக்குப் போகும் வழியில் அண்ணன் மனைவி மோகனப்பிரியாவை வரிசையில் பார்த்துவிட்டு ஹாலுக்குள் நுழைந்திருந்தாள்.

நுழைந்ததுதான் வினை.

"அண்ணி, யார் யாருக்குப் போடுறீங்க?"

"எனக்கு, உங்க அண்ணனுக்கு, எங்க பொண்ணு ரேஷ்மாவுக்கு. அப்புறம் நம்ம சரசாக்காவுக்கு. தண்ணி கேன் போடுற வீராசாமிக்கும் சொல்லியிருக்கேன்."

"அம்மாவுக்கு?"

"அத்தைக்கு வேணாம் லாவண்யா."

சொல்லிவிட்டு பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் லாவண்யா அந்தச் சத்தம் போட்டாள்.

சமையல்காரிக்கு உண்டு. கேன் போடுகிறவருக்கு உண்டு. எழுபதைத் தாண்டிய, ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டு கிடக்கிற மாமியாருக்கு இல்லை! கேட்கிற யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ஏன் வேணாம்? ஊர்ல இருக்கிற கிழங்களுக்கெல்லாம் வேணும், எங்கம்மாவுக்கு மட்டும் வேணாமா?"

"மேல போய்ப் பேசலாம் வா."

"இங்கேயே சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்."

நாலு பேர் என்ன, வரிசையில் நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றார்கள். அசோசியேஷன் செயலாளர் கஜபதி தொண்டையைக் கனைத்தார்.

"பெரியவங்களுக்குத்தான்ம்மா முதல்ல போடணும். அதுக்குத்தானே முகாமே நடத்துறோம்" என்றார் பிரியாவைப் பார்த்து.

பிரியா வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள். லாவண்யாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பக்கத்தில் நின்ற சரசாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னா லாவண்யாம்மா, வெவரம் தெர்யாம கத்திகினு கீற? அந்தம்மா இன்னா..."

"சரசாக்கா!" என்று பிரியா அதட்டினாள். சரசா வாயை மூடிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா, வேலைக்காரங்க வாயைக்கூட அடைச்சு வச்சிருக்காங்க!" லாவண்யாவுக்கு அழுகை முட்டியது. "என் பெரிய பையனுக்கு மூணு நாளா காய்ச்சல். ராத்திரியெல்லாம் மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவனை அவர்கிட்ட விட்டுட்டு எங்கம்மாவைப் பார்க்க ஓடி வந்திருக்கேன். கூடவே இருக்கிற உங்களுக்கு அந்த மனசு இல்லையே அண்ணி!"

வரிசையில் யாரோ 'த்சொ' கொட்டினார்கள். பிரியா மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"காய்ச்சலா? லாவண்யா, நில்லு! மேல போகாதே!"

பெற்ற தாயைப் பார்க்கப் போகாதே என்று சொல்ல இவள் யார்? லாவண்யா லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடினாள்.

அம்மா கஸ்தூரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லாவண்யா அவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து விசும்பினாள்.

"உனக்கு ஒரு ஊசி போடக்கூட இவங்களுக்கு மனசு வரலையேம்மா. கிளம்பு, என்கூட வந்துடு."

அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பிரியாவையா திட்டினே? அடிப்பாவி. எனக்கு அந்த ஊசி ஆகாதுடி."

"ஆகாதா?"

"போன வருஷம் போட்டாங்க. போட்ட கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு அடைச்சுப்போச்சு. ஐசியூவுல வச்சுத்தான் பிழைக்க வச்சாங்க. இனிமே ஆயுசுக்கும் இந்த ஊசியைத் தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

லாவண்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்கிட்ட ஏன்ம்மா சொல்லல?"

"நீ அப்ப வேலூர்ல உன் மாமியார் வீட்ல நிறைமாசமா இருந்தே. புள்ளத்தாச்சிகிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா? நான் திருத்தணி கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லச் சொன்னேன். குழந்தை பிறந்தப்புறமும் எனக்குச் சொல்ல மனசு வரல. சொன்னா, எனக்கு ஏதாவது ஒட்டிக்குமோன்னு பயந்துக்கிட்டு நீ வர்றதையே நிறுத்திடுவியோன்னு, பிரியாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்போ அந்தக் கேன்காரர், சரசாக்கா..."

"எனக்குப் போட முடியாதில்ல? அதனால என் பக்கத்துல வர்றவங்க அத்தனை பேரும் போட்டுக்கணும்னார் டாக்டர். ஒருத்தர்கிட்டயிருந்தும் எனக்கு அந்தக் காய்ச்சல் ஒட்டிக்கக் கூடாதாம். இன்னொரு தடவை மூச்சு அடைச்சா தாங்க மாட்டேனாம். அதான் உங்க அண்ணி ஒவ்வொருத்தரையா கெஞ்சிக் கூட்டிட்டுப் போறா."

லாவண்யா வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனாள். அண்ணி காலில் விழுந்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூச்சிரைக்கப் படியேறி வந்த பிரியா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. வெளிறிப்போயிருந்தது.

"லாவண்யா, பையனுக்கு என்ன காய்ச்சல்னு டாக்டர் சொன்னார்?"

லாவண்யா சட்டென்று அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"ஃப்ளூவாம் அண்ணி" என்று முனகியபடியே அவள் பதறி விலகப் பார்த்தாள். அம்மாதான் விடாமல், ஆசையாக இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.