மாமியாரின் மைக்

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை தன் மாமியாரின் குரல்வளையை நெரித்தார். ஒற்றை விரல்தான். சின்னச் சத்தம்கூட எழவில்லை.

பதற வேண்டாம். அவர் சவுண்டு மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமியாரின் மைக்குக்கு உரிய பட்டனை அடிமட்டம் வரைக்கும் இழுத்துவிட்டார், அவ்வளவுதான். மேடையில் அந்த அம்மாள் கண்ணை மூடி, கையை வீசி, உருகி வழிந்துகொண்டிருந்தார். கூட்டத்துக்குக் கேட்டதெல்லாம் பின்னால் இருட்டில் நின்ற கோரஸ் பெண்கள் இருவரின் குரல்.

தியேட்டர்களும் நடனக் கூடங்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற தெரு அது. வருடத்துக்கு ஒருமுறை நான்கு நாள் இசை விழா. கடைசி நாள் சாயங்காலம் தெருக்காரர்களுக்கு. இந்தத் தடவை மாமியாரும் பெயர் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதமாக அவர் விடியற்காலையில் செய்த பயிற்சியில், அடுத்த கட்டடத்து பில்லியர்ட்ஸ் கூடத்துக்காரர் தன் ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். தெருவில் மாமியாருக்கு 'சைரன்' என்றே பெயர். காதுபடச் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. பாதிக் கடைகள் அவர் கட்டடத்தில் இருக்கின்றனவே!

மாப்பிள்ளையின் கஷ்டம் வேறு. வாடகைக்கு விடுகிற ஸ்பீக்கர் பெட்டிகள் மொத்தமும் அவர் படுக்கையறையில் கிடந்தன. நடுவில் இருந்த சந்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவர் புரள வேண்டுமென்றால் இன்னொருவரை எழுப்பி அனுமதி வாங்க வேண்டும்.

கீழே மாமியாரின் கடை ஒன்று காலியாகப் பூட்டிக் கிடந்தது. "என் பாட்டு நல்லபடியா முடியட்டும். அப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்" என்று அவரும் சொல்லியிருந்தார்.

மனுஷன் பேசாமல் இருந்திருக்கலாம். விழாவின் இரண்டாம் நாள், "அத்தை, நீங்க பாடுறதுக்குப் பதிலா பரிசு குடுக்கலாமே? கௌரவமா இருக்கும்" என்று வாயை விட்டார்.

மறுநாள் காலையிலிருந்து மாமியார் பேச்சை நிறுத்திவிட்டார். வெந்நீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். மகளிடம்கூட ஜாடைதான்.

"கடவுள் உங்க நாக்குல ஒரு வால்யூம் பட்டன் வெச்சிருக்கக் கூடாதா?" என்று மனைவி பொரிந்தாள். "சாவி போச்சு! இனிமே ஸ்பீக்கரோடயே குடும்பம் நடத்துங்க."

"அட, விடு. பாட்டு பிரமாதம்னு நாலு பேர் சொன்னா அத்தை குளிர்ந்துடுவாங்க."

"எங்கம்மா பாடி, அதைப் பிரமாதம்னு எவன் சொல்லுவான்?"

மாப்பிள்ளை தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விரல் வீண்போகவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டலில் தெருவே அதிர்ந்தது; விசில் பறந்தது. மாமியார் மேடையை விட்டு இறங்குவதற்குள் கண்ணாடிக் கடைக்காரர் ஓடி வந்து வழியை மறித்தார்.

"என்னம்மா குரல் இது! அப்படியே சிலிர்த்துப்போச்சு, கையைப் பாருங்க!"

தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிற அக்கா விட்டுக்கொடுப்பாளா? "நான் அழுதே போயிட்டேம்மா. கண்மையெல்லாம் கரைஞ்சு ஓடுது பாருங்க" என்றாள். மை வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

பில்லியர்ட்ஸ்காரர் இருவரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "காலையில தினமும் கேக்கிற குரல்தான். ஆனா மேடையில கேக்குறது தனி சுகம்மா!" சுத்தியல் பட்ட கட்டைவிரலில் இன்னும் கட்டு இருந்தது.

மாமியார் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. பெரிய பாடகி மாதிரி தலையை மட்டும் ஆட்டி ஆட்டி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மிக்சர் மேஜைக்கு வந்தார். மாப்பிள்ளை பட்டனை மேலே தள்ளிவிட்டு அவசரமாக எழுந்து நின்றார். மனைவி அவர் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். பேசித் தொலை என்று அர்த்தம்.

"அத்தை! எத்தனையோ பேருக்கு மைக் வெச்சிருக்கேன், இப்படி ஒரு குரலுக்கு வெச்சதில்ல. அந்தக் கோரஸ் பொண்ணுங்களைச் சுத்தமா அடக்கிட்டு உங்க குரலை மட்டும்தான் உச்சத்துல வெச்சேன். ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி விழுந்துச்சு! கடைசியில மேல போய் ஒரு இழுப்பு இழுத்தீங்களே... சத்தியமா என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பையைத் திறந்து கடைச் சாவியை வெளியே எடுத்தார். மனைவி கையை நீட்டியேவிட்டாள்.

சாவி அந்தக் கைக்கு வரவில்லை. மாமியாரின் விரலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பைக்குள்ளேயே விழுந்தது. அவர் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மாப்பிள்ளையைக் குனியச் சொல்லி ஜாடை காட்டினார்.

மாப்பிள்ளை குனிந்தார். இரண்டு நாளாகக் கட்டிக் கிடந்த தொண்டையிலிருந்து, பஞ்சரான டியூபில் காற்று போவது போலச் சத்தம் வந்தது:

"நான் எங்க மாப்பிள்ளே பாடுனேன்?"