கத்தரி பிடித்த கை

தையல்காரி இறந்து சில மாதங்களில், பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்கு வலது மணிக்கட்டில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. அசைத்தால் உயிர் போகிற வலி.

“மூட்டு நீர் சேர்ந்திருக்கு. ஓயாம கத்தரி பிடிப்பீங்களா?” என்றார் டாக்டர்.

“ஊசியில நூல்கூட கோத்ததில்ல சார். என் வீட்டுக்காரிக்கு இதே இடத்துல இருந்தது.”

“ஊசியால நீரை உறிஞ்சி எடுத்துடலாம்.”

“எடுத்தா திரும்ப வருமா?”

“சிலருக்கு வரும். சிலருக்கு வராது.”

அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். “அப்ப இருக்கட்டும் சார்.”

மதியம், காலியாக நின்ற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வலி கூடியது. அவர் கட்டியைத் தடவிக்கொடுத்தார்.

“வெட்டினது போதும். செத்த நேரம் கைய ஓய வையேன்.”

வலி சட்டென்று நின்றது. விரல் தொட்ட இடம் சமமாக இருந்தது.

அவர் பதறிப்போனார்.

“ஏய், சும்மா சொன்னேன்டி.”